கலியாணப் பத்திரிகையில் ஒரு சங்கப் பாட்டு!

முகூர்த்த மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு கலியாணப் பத்திரிகை குவிகிறது. மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை, வெல்வெட் உறை போட்ட பத்திரிகை, கைபேசியிலேயே வந்து விழும் பத்திரிகை என்று எத்தனையோ விதம். அவற்றில் பலவற்றில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு சங்கப் பாட்டு அச்சாகி இருக்கும். செம்மண்ணையும் மழைநீரையும் பற்றிய பாட்டு. குறுந்தொகையில் 40-வது பாட்டு அது.

அந்தப் பாட்டுக்கு நேர் கீழே என்ன இருக்கும்? மாப்பிள்ளை இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன். பெண் இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள். அதன் பிறகு தாய்மாமன்மார் பெயர், பெரியப்பா பெயர், சித்தப்பா பெயர். சில பத்திரிகைகளில் இந்த உறவுப் பட்டியல் மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு ஓடும்.

சரி, மேலே இருக்கும் பாட்டு என்ன சொல்கிறது? "நம் இரண்டு குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது" என்று சொல்கிறது!

சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று அத்தை மகனுக்கே கட்டி வைக்கும் கலியாணத்திலும் இந்தப் பாட்டுத்தான். பத்திரிகை அடித்தவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். "செம்மண்ணில் மழைநீர் கலந்தது போல, பிரிக்க முடியாத காதல். உவமை அணி. இரண்டு மதிப்பெண்." இதோடு பாடம் முடிந்தது.

ஐந்து அடிப் பாட்டில் ஓர் அடியை மட்டும் படித்துவிட்டு, மீதி நான்கு அடியை நாம் கைவிட்டு விட்டோம் என்பது என் அபிப்பிராயம். அந்த நான்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. செய்யுள் என்றதும் பயப்பட வேண்டாம். பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவை இல்லை. இரண்டு காதும், எண்ணுவதற்குப் பத்து விரலும் போதும்.

பெயர் தெரியாத புலவர்

முதலில் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம். குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களில் ஒன்று. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடைய பாட்டுக்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. எல்லாம் சின்னச் சின்னப் பாட்டு. 4 அடி முதல் 8 அடி வரைதான் இருக்கும். இரண்டு பாட்டு மட்டும் 9 அடி.

ஓலைச்சுவடியில் கிடந்த இந்த நூலை 1915-ம் ஆண்டு முதலில் அச்சில் கொண்டு வந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கனார். பிறகு 1937-ம் ஆண்டு தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் விரிவான உரையோடு வெளியிட்டார். பழைய காலத்தில் பேராசிரியர் என்பவர் இதற்கு உரை எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அந்த உரை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த 40-ம் பாட்டுக்கு அவர் என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பாட்டை எழுதியவர் செம்புலப் பெயனீரார். இது அவருக்குத் தாய் தந்தை வைத்த பெயர் அல்ல! அவருடைய சொந்தப் பெயர் மறைந்துவிட்டது. தொகுத்தவர்கள் பார்த்தார்கள். பாட்டில் வரும் உவமையையே எடுத்து, செம்மண் நிலத்து மழைநீரார் என்று பொருள்படப் பெயர் சூட்டிவிட்டார்கள். இப்படிப் பெயர் பெற்றவர்கள் குறுந்தொகையில் இன்னும் பலர் உண்டு. குப்பைக் கோழியார் என்று ஒருவர். அணிலாடு முன்றிலார் என்று ஒருவர். உவமை நின்றது, ஆள் போய்விட்டார்.

மூன்று கேள்வி

பாட்டில் பேசுகிறவன் ஓர் ஆண். கேட்கிறவள் ஒரு பெண். இருவரும் தற்செயலாகச் சந்தித்து, மனம் ஒன்றாகி, கூடியும் விட்டார்கள். ஊருக்குத் தெரியாது. வீட்டுக்கும் தெரியாது.

முதல் மூன்று அடியும் மூன்று கேள்வி. ஒன்று, தாய்மாரைப் பற்றி. இரண்டு, தந்தைமாரைப் பற்றி. மூன்று, அவர்கள் இருவரையே பற்றி. மூன்றுக்கும் விடை "இல்லை" என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பெற்றவளில் தொடங்குகிறான். அப்பாவுக்கு வருகிறான். கடைசியில் தங்கள் இருவரிடம் வந்து நிற்கிறான். தூரத்தில் இருந்து பக்கத்துக்கு வருகிறது பேச்சு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. தாய் வழியில் உறவா? இல்லை. தந்தை வழியில் உறவா? இல்லை. சரி, முன்னே பின்னே பார்த்த பழக்கமாவது உண்டா? அதுவும் இல்லை.

இரண்டாவது அடியில் "முறை" என்ற சொல் வருகிறது. நம் வீடுகளில் இன்றைக்கும் புழங்கும் அதே சொல்தான். முறைப்பெண், முறைமாமன், "அவன் எனக்கு என்ன முறை?" என்கிறோமே, அந்த முறை. பெண் பார்க்கும் போது தாய் வழியும் தந்தை வழியும் பார்த்து முறை கண்டுபிடிப்பது நம் பெரியவர்களின் வழக்கம். தாய்மாமன் மகளா, அத்தை மகளா என்று கேட்பார்கள். அந்த இரண்டு வழியையும் இரண்டு அடியில் கேட்டு, இரண்டிலும் முறை இல்லை என்று வைத்துவிட்டான் இந்தக் காதலன்.

"சாதி" என்ற சொல் பாட்டில் இல்லை. இதைச் சாதி ஒழிப்புப் பாட்டு என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று நிச்சயம். இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று யாரோ எவரோ. அந்த நிலையில் இரண்டு பேர் ஒன்று சேர்ந்ததை இந்தப் பாட்டு தப்பாகச் சொல்லவில்லை. அதிசயமாகச் சொல்கிறது. தன் விருப்பப்படி ஒருவனைத் தேடிக்கொண்டாள் என்று பெற்ற மகளையே கொன்ற செய்திகளை நாம் இந்தக் காலத்திலும் பத்திரிகையில் படிக்கிறோம். அப்படிப்பட்ட நாட்டில் இந்தப் பாட்டை அலங்காரத்துக்கு அச்சிடுகிறவர்கள், முதல் இரண்டு அடியைக் கொஞ்சம் நின்று படிப்பது நல்லது.

விரல் விட்டு எண்ணுங்கள்

இனி பாட்டின் கட்டுமானம். செய்யுளில் ஓர் அடியை ஓசைக்கு ஏற்பத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். அந்தத் துண்டுக்குச் சீர் என்று பெயர். வாய்விட்டுப் படித்தால் எங்கே சற்று நிற்கிறோமோ அங்கே ஒரு சீர் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

40-ம் பாட்டை இப்படி எண்ணினால் முதல் அடியில் 4 சீர். இரண்டாவதிலும் 4. மூன்றாவதிலும் 4. நாலாவது அடியில் 3 தான்! ஐந்தாவதில் மறுபடியும் 4. மொத்தம் 19.

நாலாவது அடியில் ஒன்று குறைந்தது புலவர் செய்த பிழை அல்ல. இந்தப் பாட்டு ஆசிரியப்பா என்ற வகையைச் சேர்ந்தது. அகவல் என்றும் சொல்வார்கள். அதிலே நேரிசை ஆசிரியப்பா என்று ஒன்று. கடைசி அடிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று சீர் வரவேண்டும் என்பது அதன் இலக்கணம். சங்கப் பாட்டுக்களில் மிகுதியாக வருவது இந்த வகைதான்.

இலக்கணத்துக்காக எல்லாப் புலவரும் அந்த இடத்தில் ஓர் அடியைக் குறைக்கத்தான் வேண்டும். குறைந்த அடியில் எதை வைக்கிறார் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். இவர் மழையை வைத்தார். மூன்று கேள்வி கேட்டு ஓடி வந்த பாட்டு, நாலாவது அடியில் சட்டென்று குறுகுகிறது. மூச்சு நிற்கிறது. அங்கேதான் செம்மண்ணும் நீரும். படிக்கிறவன் ஒரு கணம் நின்று அந்த நிலத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைசி அடிக்குப் போக முடியும். சினிமாவில் வசனத்துக்கு நடுவே ஒரு விநாடி பேச்சை நிறுத்தி, மழையை மட்டும் காட்டினால் எப்படியோ அப்படி.

ஓசை

மோனை, எதுகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மல்லிகை, மருக்கொழுந்து என்று முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. பட்டு, கட்டு என்று இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. இவ்வளவுதான்.

இந்தப் பாட்டின் முதல் அடியில் யாய், ஞாய் என்று இரண்டு சொல் வருகிறது. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். இரண்டாவது அடியில் எந்தை, நுந்தை. எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. இப்போது நாம் இந்தச் சொற்களை விட்டுவிட்டோம். "எங்க அம்மா, உங்க அம்மா" என்று இரண்டு இரண்டு சொல்லாகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் ஒரே சொல்லில் உறவும் இருந்தது, யாருக்கு உறவு என்பதும் இருந்தது. எழுத்து ஒன்று மாறினால் ஆள் மாறிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. "உன் தாய் வேறு, என் தாய் வேறு" என்று பொருள் சொல்கிறது. ஆனால் காதிலே விழுவது என்ன? யாய், ஞாய். எந்தை, நுந்தை. ஒரு கொடியில் பூத்த இரண்டு பூவைப் போல ஓசை ஒட்டிக்கொண்டு வருகிறது. உறவு இல்லை என்று சொல்லும் சொற்களே ஓசையில் உறவாடுகின்றன. இலக்கணக்காரர் இதை இணை எதுகை என்பார். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. காது அறிந்தால் போதும்.

அடுத்து, நாலாவது அடியும் ஐந்தாவது அடியும். நாலாவது "செம்பு" என்று தொடங்குகிறது. ஐந்தாவது "அன்பு" என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றில் ம், மற்றதில் ன். ஒரே எழுத்து அல்ல. ஆனால் இரண்டும் மெல்லின எழுத்து. இதை இன எதுகை என்று ஏற்றுக்கொள்வார்கள். செம்மண்ணின் முதல் ஓசைக்கும் அன்பின் முதல் ஓசைக்கும் இப்படி ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. புலவர் திட்டமிட்டுப் போட்டாரோ, தானாக விழுந்ததோ, முடிச்சு இருக்கிறது.

இரண்டு "உம்" எங்கே போயிற்று?

கல்லூரியில் இந்தப் பாட்டைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது உவமைதான். இப்போது திரும்பத் திரும்பப் படித்தால் இலக்கணம்தான் அதிகம் கவர்கிறது. சிரிக்காதீர்கள்!

முதல் மூன்று அடியிலும் ஒரு சோடி வருகிறது. என் தாயும் உன் தாயும். என் தந்தையும் உன் தந்தையும். நானும் நீயும். மூன்று சோடி, ஆறு "உம்". நாலாவது அடிக்கு வந்தால் "உம்" இல்லை. சோடி இல்லை. ஐந்தாவது அடியிலும் இல்லை. என் நெஞ்சும் உன் நெஞ்சும் என்று சொல்லவே இல்லை. வெறுமனே நெஞ்சம் என்று விட்டுவிட்டார். மாடு என்ற சொல்லைப் பாருங்கள். மாடு வந்தது என்றால் ஒன்று. மாடு வந்தன என்றால் பல. மாடு என்ற சொல்லில் கணக்கு இல்லை. வினையில்தான் கணக்கு இருக்கிறது. அது மாதிரி நெஞ்சம் என்ற சொல்லில் ஒன்றா இரண்டா என்பது தெரியாது. கடைசியில் வரும் வினைச்சொல்தான் ஒன்றுக்கு மேற்பட்டது என்று காட்டிக் கொடுக்கிறது. இரண்டு நெஞ்சம் ஒன்றாகக் கலந்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் அமையுமா?

இன்னொன்று. மூன்றாவது அடியின் கடைசியில் "அறிதும்" என்று ஒரு சொல். இன்றைய பேச்சில் "அறிவோம்" என்று அர்த்தம். "ஒருவரை ஒருவர் எப்படி அறிவோம்?" என்று கேட்கிறான். அந்த "ஓம்" இருக்கிறதே, அதற்குள் "நாம்" ஒளிந்திருக்கிறது. நமக்குள் அறிமுகமே இல்லை என்று சொல்லும் அந்த வாக்கியத்திலேயே "நாம்" வந்துவிட்டது! மழை பெய்வதற்கு ஓர் அடி முன்னாலேயே கலந்தாயிற்று.

மழை யார், மண் யார்?

இப்போது உவமைக்கு வருவோம். மழைநீர் செம்மண்ணில் விழுந்தால் சிவந்து போகிறது. பிரிக்க முடியாது. எல்லா உரையிலும் இப்படித்தான் இருக்கும். வகுப்பில் ஒரு சுட்டிப் பையன், "சார், தம்ளரில் பிடித்து வைத்தால் மண் அடியில் தங்கிவிடுமே?" என்று கேட்டால் உபாத்தியாயர் பாடு திண்டாட்டம்தான்.

பிரிக்க முடியாது என்பது மட்டும் இந்த உவமையின் வேலை அல்ல என்று நினைக்கிறேன். முன்னால் மூன்று கேள்வி இருக்கிறது அல்லவா? அந்தக் கேள்விகளை மழையிடமும் மண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். மழைக்கும் மண்ணுக்கும் என்ன உறவு? ஒன்று எங்கோ வானத்தில் இருந்து வருகிறது. மற்றது காலடியில் கிடக்கிறது. தாய் வழிச் சொந்தம் இல்லை. தந்தை வழிச் சொந்தம் இல்லை. இந்த மழைத்துளி இதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததும் இல்லை. விழுந்தது, கலந்தது. மூன்று கேள்விக்கும் ஒரே பதிலாக வந்து நிற்கிறது உவமை. கேள்விகளை விட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்தால், பூட்டை எறிந்துவிட்டுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்ட கதைதான்.

செம்மண் என்று ஏன் சொல்ல வேண்டும்? மணலில் விழுந்த தண்ணீர் போன இடம் தெரியாது. பாறையில் விழுந்தால் வழிந்து ஓடிவிடும். செம்மண்ணில் விழுந்த நீர் ஊருக்கே தெரியும்படி நிறம் மாறிவிடுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மழை பெய்தால் வாய்க்கால், பாதை எல்லாம் சிவப்பாக ஓடும். மண்ணில் உள்ள இரும்புச் சத்து துருவாகி இருப்பதால் வரும் சிவப்பு அது. வேட்டியில் பட்டால் லேசில் போகாது. வீட்டில் துவைக்கிறவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். இருவர் கலந்தது வெளியே தெரியாமல் இருக்காது என்பதும் இந்த உவமைக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மழை யார்? மண் யார்? ஆண்தான் மழை, பெண்தான் நிலம் என்று பட்டிமன்றத்தில் பேசுகிறார்கள். பாட்டில் அப்படி இல்லவே இல்லை! முதல் மூன்று அடியில் "என்", "உன்" என்று சோடி சோடியாகப் பிரித்துக் காட்டிய புலவர், நாலாவது அடியில் மட்டும் பிரித்துக் காட்டவில்லை. இது மறதி அல்ல. கலந்த பிறகு எது யார் என்று கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் சோடியை நிறுத்திவிட்டார். பேச்சாளர்கள் தயவு செய்து புலவர் கலந்ததைப் பிரிக்க வேண்டாம்.

குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டுக்களில் மரம், பூ, பறவை, விலங்கு எல்லாம் வரும். இந்தப் பாட்டு குறிஞ்சித் திணையைச் சேர்ந்தது. ஆனால் மலை இல்லை, தினை இல்லை, மயில் இல்லை, ஒரு பூக்கூட இல்லை. கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர். இந்த எளிமையால்தான் அது எல்லை கடந்து போயிற்று. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஏ.கே.இராமானுஜன் 1967-ம் ஆண்டு குறுந்தொகைப் பாட்டுக்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் இதுவும் உண்டு. 1997-ல் வந்த "இருவர்" படப் பாட்டு ஒன்றில் வைரமுத்து இதன் சொற்களை எடுத்து ஆண்டிருக்கிறார். யாய், ஞாய் என்று உரை தேவைப்படும் சொற்களை, உரை படிக்காத பையன்கள் கூட டீக்கடையில் முணுமுணுத்தார்கள்.

அவன் கொடுக்காத வாக்குறுதி

பழைய சுவடிகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, யார் எந்தச் சமயத்தில் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். 40-ம் பாட்டின் குறிப்பு முக்கியமானது. இருவரும் கூடிய பிறகு, "இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ" என்று அந்தப் பெண் பயப்படுகிறாள். வாய் திறந்து சொல்லவில்லை. முகம் மாறுகிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் சொல்லியது இந்தப் பாட்டு.

ஆகவே, இது சும்மா உட்கார்ந்து காதலைப் புகழ்ந்த பாட்டு அல்ல. பயந்து நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சொன்ன ஆறுதல். அப்படியானால் அவன் என்ன சொல்லி இருக்க வேண்டும்? "உன்னைக் கைவிட மாட்டேன், இன்ன நாளில் வந்து உன் வீட்டில் பெண் கேட்பேன்" என்று சொல்ல வேண்டாமா? பாட்டை மேலும் கீழும் புரட்டிப் பாருங்கள். நாளைக்கு என்ற பேச்சே இல்லை! கடைசி வினைச்சொல் இறந்த காலம். கலந்தாயிற்று என்கிறான். கலந்தே இருப்போம் என்று சொல்லவில்லை.

இதற்கு இரண்டு விதமாகச் சமாதானம் சொல்லலாம். உண்மையான அன்புக்குச் சத்தியம் எதற்கு, நடந்ததைச் சொன்னாலே போதாதா என்பது ஒன்று. நெஞ்சை உருக்கும் உவமையைச் சொல்லி, கேட்ட கேள்விக்கு நேரான பதிலைத் தவிர்த்துவிட்டான் என்பது மற்றொன்று. நான் அவனைச் சந்தேகப்படவில்லை. குரலில் கள்ளம் இல்லை. முறை இல்லை, உறவு இல்லை என்று தனக்குப் பாதகமான விஷயத்தை எல்லாம் தானே முதலில் சொல்லிவிடுகிறான். ஏமாற்றுகிறவன் அப்படிப் பேச மாட்டான். ஆனாலும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று கேட்டால் மனம் முழுதும் ஆறவில்லை. சொந்தக்காரர் இல்லை, தெரிந்தவர் இல்லை என்று அவன் அடுக்கும் காரணங்கள்தானே அவளுக்குப் பயம்? நாளைக்கு அவன் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாள்?

தொல்காப்பியம் ஓர் இடத்தில், பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர்கள் கலியாணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று சொல்கிறது. அப்படி ஒரு சூத்திரம் எழுத வேண்டி வந்தது என்றால், வாக்கு மாறிய காதலர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கபிலர் பாட்டு

அதே குறுந்தொகையில் 25-ம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் கபிலர். பாரி வள்ளலின் தோழர். இங்கே பேசுகிறவள் பெண். தோழியிடம் பேசுகிறாள். வந்து மணம் செய்வதாக இருந்தவன் நாளைக் கடத்துகிறான்.

நாங்கள் கூடிய அன்று அங்கே மனிதர் யாரும் கிடையாது, அந்தக் கள்வன் மட்டும்தான் என்கிறாள். அவனே இல்லை என்று சாதித்தால் என் கதி என்ன என்று கலங்குகிறாள். பிறகு நினைவுக்கு வருகிறது: ஒரு பறவை இருந்தது. தினைத் தாளைப் போல மெல்லிய கால் உள்ள நீர்ப்பறவை. கொக்கு இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது!

ஆரல் மீன் இன்றைக்கும் நம் சந்தையில் விற்கிறது. அதனால் அந்தக் காட்சி நமக்கு அந்நியம் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இருக்கும் ஒரே சாட்சி, தன் வயிற்றுப்பாட்டில் கண்ணாக நின்ற ஒரு பறவை. அதற்கு வாயும் இல்லை, அக்கறையும் இல்லை.

இப்போது எண்ணுங்கள். இந்தப் பாட்டும் ஐந்து அடிதான். முதல் மூன்று அடியில் நான்கு நான்கு சீர். நாலாவது அடியில் 3. ஐந்தாவதில் 4. மொத்தம் 19! அங்கே குறுகிய அடியில் மழை. இங்கே குறுகிய அடியில் மீன் பார்க்கும் பார்வை. இரண்டு பாட்டும் ஏகாரத்தில்தான் முடிகின்றன. இரண்டும் குறிஞ்சி. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாத்திரம் மாதிரி இருக்கின்றன. ஒருவர் பாட்டைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அகவலின் வழக்கமான அளவு அது. ஆனால் அளவு ஒன்றாக இருப்பதால்தான் உள்ளே இருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

என்ன வித்தியாசம்? அவன் பாட்டில் "நாம்" ஒளிந்திருக்கிறது என்று சொன்னேன். இவள் பாட்டில் "நாம்" எங்கேயும் இல்லை. அவனைக் குறிக்கும் "தான்" என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. "யான்" என்று தன்னைச் சொல்வது ஒரே இடத்தில். மூன்று பங்கு அவன், ஒரு பங்கு இவள். காத்திருக்கும் பெண்ணின் மனம் எப்படி இருக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அவன் பாட்டில் உவமை காதலுக்குப் பயன்பட்டது. இவள் பாட்டில் உவமை ஒரு பறவையின் காலுக்குத்தான் கிடைத்தது. தன் காதலை எதற்கும் உவமை சொல்லி அழகு பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

இந்த இரண்டு பாட்டையும் சேர்த்தே வகுப்பில் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் நடத்தினால் வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்ட மாதிரி ஆகும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். செம்மண் பாட்டை எழுதிக் கொடுக்கும் பையன்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். கொக்குப் பாட்டும் தெரிந்த பெண், "சரி, எப்போது வீட்டுக்கு வந்து பேசுவாய்?" என்று கேட்பாள்.

வீட்டில் குறுந்தொகைப் புத்தகம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 40-ம் பாட்டை ஆண்குரல் வாசிக்கட்டும். 25-ம் பாட்டைப் பெண்குரல் வாசிக்கட்டும். நாலாவது அடி வரும் இடத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகாது.